மணற்பரப்பில் இரு குறுநீர்மூழ்கிகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அபர்லேடி என்னும் சிற்றூர் உள்ளது. அதை ஒட்டிய விரிகுடாவுக்கும் அதே பெயர்தான். கடல் ஏறியிருக்கும் வேளையில் அங்குச் சென்று நின்றால், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நீர்தான் தெரியும். சில மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பார்த்தால், நீர் வெகுதூரம் பின்வாங்கியிருக்கும். ஈர மணற்பரப்பு பரந்து கிடக்கும். அந்த மணற்பரப்பின் தொலைவான விளிம்பில் இரண்டு கரிய உருவங்கள் தலைகாட்டும்.

முதன்முறை பார்ப்பவர்கள் அவற்றைப் பாறைகள் என்றோ கரையொதுங்கிய திமிங்கிலங்கள் என்றோ எண்ணக்கூடும். உண்மையில் அவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்ட குறுநீர்மூழ்கிகளின் சிதைவுகள். நீருக்கடியில் செல்லும் கப்பலை நீர்மூழ்கிக் கப்பல் என்கிறோம். அவற்றுள் மிகச் சிறிய வகையே குறுநீர்மூழ்கி.

அபர்லேடியில் கிடக்கும் இவ்விரு கலங்களும் எந்தப் போர்க்கப்பலையும் தாக்கியதில்லை. இவற்றின் பெயரில் எந்த வெற்றியும் பதிவாகவில்லை. ஆயினும், ஆண்டுதோறும் பலர் மணலில் நெடுந்தூரம் நடந்து சென்று இவற்றைப் பார்க்கிறார்கள். அப்படி அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது? சிங்கப்பூரில் வாழும் நமக்கும் அந்த இரும்புக் கூடுகளுக்கும் என்ன தொடர்பு? இப்பாடத்தில் அவற்றைக் காணப் புறப்படும் ஒருவரோடு நாமும் நடந்து செல்வோம்.

கடலிடம் நேரம் கேட்டல்

இந்தப் பயணத்திற்கு முதலில் தேவைப்படுவது கடலின் ஏற்ற இறக்க அட்டவணை. கடல்நீர் கரையை நோக்கி ஏறி வருவதை ஓத ஏற்றம் என்றும், கரையைவிட்டு இறங்கிச் செல்வதை ஓத இறக்கம் என்றும் கூறுவர். நிலவும் கதிரவனும் பூமியின் நீரைத் தம் பக்கம் ஈர்ப்பதாலேயே இவை ஏற்படுகின்றன. இக்கடற்கரையில் ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே, இன்று நண்பகல் 12.00 மணிக்கு நீர் முழுவதும் இறங்கியிருந்தால், நாளை அது 12.50 மணியளவில்தான் அந்நிலையை அடையும். நேற்று சென்ற நேரத்திலேயே இன்றும் செல்லலாம் என்று எண்ணுவது தவறாகிவிடும்.

பௌர்ணமி, அமாவாசை நாள்களை ஒட்டி நிலவு, கதிரவன் ஆகிய இரண்டின் ஈர்ப்பும் ஒன்றுசேர்கிறது. அப்போது நீர் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். அந்நாள்களில் இக்கடற்பகுதியின் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் வேறுபடும். அதாவது, நீங்கள் இப்போது நின்றுகொண்டிருக்கும் மணலுக்கு மேல் சில மணி நேரத்தில் ஒரு வீட்டின் உயரத்திற்கு நீர் நிற்கலாம்.

எனவே, பயணத்திற்குக் கணக்குப் போட வேண்டும். நீர் மிகக் குறைந்திருக்கும் நேரம் பிற்பகல் 2.00 மணி என்று வைத்துக்கொள்வோம். 2.00 மணிக்குப் புறப்படுவது தவறு. 1.30 மணிக்கே கலங்களை அடைந்துவிடும்படி முன்கூட்டிப் புறப்பட வேண்டும். நீர் திரும்பத் தொடங்கும் 2.00 மணிக்கெல்லாம் கரையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

‘அலை வருவது கண்ணுக்குத் தெரியுமே! தெரிந்தவுடன் திரும்பிவிடலாமே!’ என்று சிலர் நினைக்கலாம். அங்குதான் ஆபத்து இருக்கிறது. தட்டையாகத் தெரியும் மணற்பரப்பு உண்மையில் தட்டையானதன்று. அதில் மேடுகளும் பள்ளங்களும் நீரோடும் கால்வாய்களும் உள்ளன. நீர் ஏறும்போது முதலில் பள்ளங்களே நிரம்பும். மேட்டில் நிற்பவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருக்கும் கரைக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் நீர் புகுந்துவிடும். முன்னால் வரும் அலையைவிட முதுகுக்குப் பின்னால் நிரம்பும் நீரே மனிதரைச் சிக்கவைக்கிறது. பனிமூட்டம் சூழ்ந்துவிட்டால் கரை எந்தப் பக்கம் என்பதே தெரியாது. ஆகவே, பனிமூட்டமான நாளில் செல்லக் கூடாது. தனியாகச் செல்லக் கூடாது. திரும்பும் நேரத்தைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லாமல் செல்லக் கூடாது.

பாலத்தைக் கடந்து

ஊருக்குச் சற்று வெளியே, சாலையோரத்திலிருந்து நடைபாதை தொடங்குகிறது. பெஃபர் ஓடையின் குறுக்கே நீண்ட மரப்பாலம் ஒன்று உள்ளது. அதைக் கடந்தால் உவர்நிலம் தொடங்கும். உப்பு நீரைத் தாங்கி வளரும் சிறு செடிகள் அங்கே நிறைந்திருக்கும். பிறகு புல்வெளியும் முட்புதர்களும் வரும். அவற்றைத் தாண்டி மணற்குன்றுகளின்மேல் ஏறினால்தான் திறந்த கடற்கரை தெரியும்.

இந்த விரிகுடா 1952-ஆம் ஆண்டில் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் உள்ளூர் இயற்கைக் காப்பகம் என்னும் தகுதியை முதலில் பெற்ற இடம் இதுவே. இலையுதிர்காலத்தில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து ஆகிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான வாத்தினப் பறவைகள் இங்கு வந்து இரவில் தங்குகின்றன. எனவே, கலங்களைப் பார்க்கச் செல்பவர்கள் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும்.

இக்கடற்கரையோரம் போர்க்காலத்தின் வேறொரு தடயமும் உண்டு. பெரிய பெரிய கான்கிரீட் கட்டைகள் வரிசையாக நிற்கும். 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை கடல்வழியாகத் தரையிறங்கக்கூடும் என்ற அச்சம் பிரிட்டனில் நிலவியது. பீரங்கி வண்டிகள் கரையேறாமல் தடுக்கவே இக்கட்டைகள் அமைக்கப்பட்டன. இன்று பறவைகள் அமைதியாக இரை தேடும் இதே கரையில் ஒரு காலத்தில் மக்கள் பகைவரை எதிர்பார்த்து அஞ்சியிருந்தார்கள் என்பதை அவை நினைவூட்டுகின்றன.

நால்வருக்கு ஓர் இரும்புக் கூடு

மணற்குன்றுகளைவிட்டு இறங்கி, ஈர மணலில் நடந்து கலங்களை நெருங்கும்போது முதலில் தோன்றும் எண்ணம், ‘இவ்வளவு சிறியதா?’ என்பதுதான்.

இவ்வகைக் கலத்தின் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர். நம் சாலைகளில் ஓடும் ஈரடுக்குப் பேருந்தைவிடச் சற்று நீளம். ஆனால், அகலத்திலும் உயரத்திலும் அதைவிட மிகவும் சிறியது. உருளை போன்ற அதன் உடற்பகுதியின் குறுக்களவு இரண்டு மீட்டருக்கும் குறைவு. உள்ளே இயந்திரங்களும் குழாய்களும் மின்கலங்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் ஒருவரால் நிமிர்ந்து நிற்க இயலாது.

அந்த இடத்தில் நால்வர் பணியாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் கலத்தின் தலைவர். மற்றொருவர் துணைத் தலைவர். மூன்றாமவர் இயந்திரங்களைக் கவனிக்கும் பொறியாளர். நான்காமவர் முக்குளிப்பாளர். நீரின் மேல் செல்லும்போது டீசல் இயந்திரம் கலத்தை இயக்கும். லண்டன் பேருந்துகளில் பொருத்தப்பட்ட வகையைச் சேர்ந்த இயந்திரமே அது. நீருக்கடியில் சென்றால் மின்கலத்தால் இயங்கும் மோட்டார் பயன்படும். முழு வேகத்தில் சென்றாலும் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவே செல்ல முடியும். மிதிவண்டியில் செல்லும் ஒருவர் அதை எளிதாக முந்திவிடுவார்.

கலத்தின் நடுவில் மிகக் குறுகிய அறை ஒன்று இருந்தது. முக்குளிப்பாளர் அதற்குள் நுழைந்து கதவை மூடிக்கொள்வார். பிறகு அந்த அறை மெல்ல நீரால் நிரப்பப்படும். உள்ளே உள்ள நீரின் அழுத்தமும் வெளியே உள்ள கடலின் அழுத்தமும் சமமானதும், மேல்மூடியைத் திறந்துகொண்டு அவர் கடலுக்குள் செல்வார். பணி முடிந்ததும் அதே அறைக்குத் திரும்பி, மூடியை அடைத்துக்கொள்வார். நீர் வெளியேற்றப்படும். இருட்டில், குளிர்ந்த நீர் காலிலிருந்து கழுத்துவரை ஏறி, தலையையும் மூடும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். இதைச் செய்யப் பயிற்சி மட்டும் போதாது, மனவுறுதியும் வேண்டும்.

இன்று அக்கலங்களின் உடற்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்து கிடக்கிறது. சிப்பிகளும் பாசியும் மூடியுள்ளன. இரண்டில் ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சிதைந்துள்ளது. ஆயினும், அதன் அருகில் நின்று, ‘இதற்குள் நான்கு பேர் எப்படி இருந்திருப்பார்கள்?’ என்று எண்ணிப் பார்க்கும்போது, புத்தகத்தில் படித்த எண்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. இச்சிதைவுகள் நமக்குத் தரும் முதல் பயன் அதுதான்.

பயிற்சிக் கலங்கள்

போரில் ஈடுபட்ட குறுநீர்மூழ்கிகளின் இரு பக்கங்களிலும் வெடிபொருள் நிரப்பிய பெரும் பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு டன் வெடிபொருள் இருக்கும். பகைவரின் கப்பல் நிற்கும் இடத்திற்குச் சத்தமின்றிச் சென்று, அதன் அடியில் அப்பெட்டிகளை விட்டுவிட்டு வர வேண்டும். குறித்த நேரத்தில் அவை வெடிக்கும்.

1943 செப்டம்பர் மாதம் இவ்வகைக் கலங்கள் ஆறு, நார்வே நாட்டிற்கு அனுப்பப்பட்டன. ‘டிர்பிட்ஸ்’ என்ற ஜெர்மானியப் பெரும் போர்க்கப்பல் அங்கு ஒரு கடற்கழியில் நின்றிருந்தது. ஆறு கலங்களில் இரண்டு மட்டுமே அக்கப்பலின் அடியில் வெடிபொருளை வைத்ததாக உறுதியாகத் தெரிகிறது. டிர்பிட்ஸ் பல மாதங்கள் இயங்க முடியாதபடி சேதமடைந்தது. ஆனால், அந்நடவடிக்கையில் குறுநீர்மூழ்கி வீரர்கள் ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஆறு பேர் சிறைப்பட்டனர்.

அபர்லேடியில் உள்ள கலங்கள் இவற்றின் எளிமையான வடிவம். பயிற்சிக்காகவே ஆறு கலங்கள் தனியாகக் கட்டப்பட்டன. அவற்றுள் இரண்டுதான் இங்குக் கிடப்பவை. இவற்றில் வெடிபொருள் பெட்டிகள் இல்லை.

‘பயிற்சிதானே’ என்று இதை எளிதாக நினைத்துவிடக் கூடாது. 1944 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் வடக்கே, பயிற்சியின்போது ஒரு குறுநீர்மூழ்கி பெரிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றால் இழுத்துச் செல்லப்பட்டது. கடல் கொந்தளித்தது. இரண்டும் மோதிக்கொண்டன. குறுநீர்மூழ்கியில் இருந்த நால்வரும் மாண்டனர். எதிரியை நேரில் காணாமலேயே அவர்கள் உயிர் பிரிந்தது. வரலாற்று நூல்களில் வெற்றிகள் பெரிய எழுத்தில் இடம்பெறுகின்றன. அவ்வெற்றிகளுக்கு முன் நடந்த பயிற்சிகளும் இழப்புகளும் பல வேளைகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன.

ஜோகூர் நீரிணையில் ஒரு பிற்பகல்

அப்பயிற்சியின் பயன் ஒரு முறை நம் தீவின் வடகரையிலும் வெளிப்பட்டது. அபர்லேடியின் கலங்களுக்குத் தம்பி என்று சொல்லத்தக்க குறுநீர்மூழ்கி ஒன்று, 1945 ஜூலை 31-ஆம் நாள் ஜோகூர் நீரிணைக்குள் நுழைந்தது. அதன் பெயர் ‘எக்ஸ்இ-3’. வெப்பமண்டலக் கடலில் செல்ல வேண்டியிருந்ததால், இவ்வகைக் கலத்தில் குளிரூட்டும் வசதி சேர்க்கப்பட்டிருந்தது.

அப்போது சிங்கப்பூர் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் தொடங்கிய அவ்வாட்சி மூன்றரை ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. உணவுப் பற்றாக்குறையும் அச்சமும் ஒவ்வொரு வீட்டிலும் குடியிருந்த காலம் அது. வடக்கே, பிரிட்டிஷார் கட்டிய கடற்படைத் தளத்தை ஒட்டி ‘தக்காவோ’ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் நீளம் 200 மீட்டருக்கும் அதிகம். 1944 அக்டோபரில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றால் தாக்கப்பட்டதால், அது பெருங்கடலில் செல்லும் நிலையில் இல்லை. ஆனால், அதன் பீரங்கிகள் செயல்பட்டன. சிங்கப்பூரை மீட்க வரும் படைகளை அப்பீரங்கிகள் தாக்கக்கூடும் என்று நேச நாடுகள் கருதின.

எக்ஸ்இ-3 கலத்தின் தலைவர் இயன் ஃபிரேசர். அவருக்கு வயது 24. முக்குளிப்பாளர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் மகென்னிஸ். அவருக்கு வயது 25. அவர்களுடன் நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித், பொறியாளர் சார்லஸ் ரீட் ஆகியோரும் இருந்தனர். புருணைப் பகுதியிலிருந்து பெரிய நீர்மூழ்கி ஒன்று அவர்களின் கலத்தைச் சிங்கப்பூர் அருகே இழுத்து வந்தது. அங்கிருந்து அவர்கள் தனியே உள்ளே வந்தனர்.

பிற்பகலில், தக்காவோவை நெருங்கிய ஃபிரேசர் பெரிஸ்கோப்பின் வழியாக மேலே பார்த்தார். ஜப்பானிய மாலுமிகள் நிறைந்த ஒரு படகு, முகங்கள் தெரியும் அளவுக்கு மிக அருகில் சென்றுகொண்டிருந்தது. உடனே பெரிஸ்கோப்பைக் கீழே இறக்கினார். அப்படகில் இருந்தவர்களும் தொலைவில் உள்ள வீட்டையும் பெற்றோரையும் பிரிந்து வந்தவர்கள்தாம் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

முதல் முயற்சியில் கலம் கப்பலின் பக்கத்தில் மோதியது. இரண்டாம் முயற்சியில் கப்பலின் அடியில் புகுந்தது. மகென்னிஸ் வெளியே செல்ல முயன்றபோது மேல்மூடி முழுவதும் திறக்கவில்லை. மேலே கப்பல் தடுத்தது. சிறிய இடைவெளியில் உடலை நெருக்கிக்கொண்டு அவர் வெளியேறினார். காந்தத்தால் ஒட்டும் வெடிகளைக் கப்பலின் அடியில் பொருத்துவது அவர் பணி. ஆனால், கப்பலின் அடியில் சிப்பிகளும் பாசியும் தடித்து வளர்ந்திருந்ததால் காந்தம் ஒட்டவில்லை. அவர் கத்தியால் அவற்றைச் சுரண்டி எடுத்தார். அவருடைய சுவாசக் கருவியிலிருந்து காற்றுக் குமிழிகள் கசிந்து மேலே சென்றன. நீரின் மேல் யாரேனும் அவற்றைக் கண்டால் எல்லாம் முடிந்துவிடும். ஏறத்தாழ அரை மணி நேரம் போராடி, ஆறு வெடிகளையும் பொருத்திவிட்டுக் களைப்புடன் உள்ளே திரும்பினார்.

அதற்குள் கடல் தன் வேலையைச் செய்திருந்தது. ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் குறையக் குறைய, மேலே இருந்த கப்பலும் கீழே இருந்த கடற்படுகையும் நெருங்கின. அவற்றின் நடுவில் குறுநீர்மூழ்கி சிக்கிக்கொண்டது. தலைக்கு மேலே வெடிகள். அவை இரவில் வெடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முன்னும் பின்னுமாகப் பல முறை அசைத்து, கடைசியில் கலத்தை வெளியே கொண்டுவந்தனர்.

அப்போதும் தொல்லை தீரவில்லை. வெடிகளைச் சுமந்து வந்த வெற்றுப் பெட்டி கலத்தைவிட்டுக் கழலவில்லை. அதோடு கலத்தைச் சரியாகச் செலுத்த இயலாது. மகென்னிஸ் களைத்திருப்பதால் தாமே வெளியே செல்வதாக ஃபிரேசர் கூறினார். ஆனால், முக்குளிப்பாளர் தாம்தான் என்று கூறி மகென்னிஸ் மீண்டும் கடலுக்குள் இறங்கினார். சில நிமிடங்களில் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். நால்வரும் உயிருடன் தப்பினர். அன்றிரவு வெடிகள் வெடித்தன. தக்காவோவின் அடிப்பகுதியில் பெரும் துளை விழுந்து, கப்பல் கடற்படுகையில் அமர்ந்தது.

இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 15-ஆம் நாள், ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. சிங்கப்பூரைப் போரிட்டு மீட்க வேண்டிய தேவையே எழவில்லை. அப்படியானால் அந்தத் தாக்குதல் வீணா? அதைத் திட்டமிட்டவர்களுக்கும் செய்தவர்களுக்கும் போர் இவ்வளவு விரைவில் முடியும் என்பது தெரியாது. நடந்து முடிந்தவற்றை அறிந்த நாம், நடக்கப்போவதை அறியாதவர்களைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும்.

தாக்க வந்ததும் தாக்கப்பட்டதும்

போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-இல், இரண்டு நிகழ்வுகள் நடந்தன.

ஸ்காட்லாந்தில், இனித் தேவையில்லாத இரு பயிற்சிக் குறுநீர்மூழ்கிகள் அபர்லேடி விரிகுடாவுக்கு இழுத்து வரப்பட்டன. பெரிய கான்கிரீட் கட்டை ஒன்றோடு அவை பிணைக்கப்பட்டன. விமானங்கள் அவற்றைக் குறிபார்த்துச் சுட்டன. இவ்வகைக் கலத்தின் உடற்பகுதியை விமானத்தின் பீரங்கிக் குண்டுகள் எந்த அளவுக்குத் துளைக்கும் என்று அறிவதே நோக்கம். சோதனை முடிந்த பின்னர் அவை அங்கேயே விடப்பட்டன. அந்தக் கான்கிரீட் கட்டை இன்றும் அவற்றின் அருகில் கிடக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில், தக்காவோ கப்பல் சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அதைக் குறிபார்த்துச் சுட்டு மூழ்கடித்தது.

ஆக, தாக்குவதற்காகக் கட்டப்பட்ட கலத்தின் வகையும், அதனால் தாக்கப்பட்ட கப்பலும் ஒரே ஆண்டில், சுடும் பயிற்சிக்கு உரிய இலக்குகளாகவே முடிந்தன. நாடுகள் பெரும் பொருளையும் அறிவையும் உழைப்பையும் செலவிட்டு உருவாக்கியவை அவை. போர் நின்றதும் அவற்றுக்கு வேறு பயன் இருக்கவில்லை.

மனிதர்களின் கதை அப்படி எளிதில் முடிவதில்லை. ஃபிரேசருக்கும் மகென்னிஸுக்கும் விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. போரில் காட்டும் வீரத்திற்காகப் பிரிட்டன் வழங்கும் மிக உயரிய விருது அது. இரண்டாம் உலகப் போரில் வட அயர்லாந்திலிருந்து அவ்விருதைப் பெற்றவர் மகென்னிஸ் ஒருவரே. ஆனால், போருக்குப் பின் அவர் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. பண நெருக்கடியால் அவர் அந்தப் பதக்கத்தையே விற்க நேர்ந்தது. பிற்காலத்தில் மின்பணியாளராக வேலை செய்து வாழ்ந்தார். 1986-இல் காலமானார். அவர் பிறந்த பெல்ஃபாஸ்ட் நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது 1999-ஆம் ஆண்டில்தான். வீரரைப் பாராட்டுவது எளிது. அவரைக் கடைசிவரை நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

தொடாமல் படித்தல்

அபர்லேடியின் கலங்கள் நாளுக்கு இரு முறை நீரில் மூழ்குகின்றன. இரு முறை வெளிப்படுகின்றன. உப்பு நீரும் காற்றும் மாறி மாறிப் படுவதால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கிறது. அலைகள் மணலை அரித்துக் கலங்களை ஆட்டுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அவை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

அவற்றை அங்கிருந்து எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றலாமே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால், பல்லாண்டுக் காலம் உப்பில் ஊறிய இரும்பை நீரிலிருந்து எடுத்தவுடன் அது இன்னும் வேகமாகச் சிதையத் தொடங்கும். அதைத் தடுக்க நீண்ட காலம் எடுக்கும் வேதியியல் முறைகள் தேவை. பெரும் பொருட்செலவும் ஆகும். மேலும், பறவைகள் வாழும் காப்பகத்தின் நடுவே கனரக இயந்திரங்களைக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். மற்றொரு பக்கம், இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டால் ஒருநாள் அவை இல்லாமலேயே போய்விடும். இரண்டு வழிகளிலும் ஏதோ ஒன்றை இழக்கத்தான் வேண்டும்.

ஆனால், பார்க்கச் செல்பவர் செய்ய வேண்டியது என்ன என்பதில் ஐயமில்லை. கலத்தின்மேல் ஏறக் கூடாது. துருப்பிடித்த தகடு கூர்மையானது, காலைக் கிழிக்கும், நம் எடையைத் தாங்காமல் உடைந்தும் போகும். நினைவுப்பொருள் என்று சொல்லி ஒரு சிறு இரும்புத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. ‘ஒரு துண்டுதானே’ என்று நூறு பேர் நினைத்தால் நூறு துண்டுகள் மறைந்துவிடும். படம் எடுக்கலாம், அளவைக் குறித்துக்கொள்ளலாம், வரைந்து பார்க்கலாம். சென்ற ஆண்டு எடுத்த படத்தையும் இந்த ஆண்டு எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், கடல் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது தெரியும். அப்படிப்பட்ட பதிவு அக்கலங்கள் மறைந்த பின்னரும் எஞ்சியிருக்கும்.

இதை நம் ஊரிலும் செய்யலாம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தளம் இருந்த பகுதியில் பழைய கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. அங்கு வாழ்ந்த தாத்தா பாட்டிகளின் நினைவுகளும் மணலில் கிடக்கும் இரும்பைப் போன்றவையே. கேட்டு எழுதி வைக்காவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக மறைந்துபோகும்.

மணி இரண்டு. நீர் திரும்பத் தொடங்கிவிட்டது. பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறதே என்று தோன்றினாலும், கரையை நோக்கி நடக்க வேண்டிய நேரம் இதுதான்.

சொற்பொருள்

ஓதம் – கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும்
சிதைவு – உடைந்தும் அழிந்தும் எஞ்சிய பகுதி
முக்குளிப்பாளர் – நீருக்கடியில் மூழ்கிப் பணிசெய்பவர்
உவர்நிலம் – உப்புத்தன்மை மிக்க நிலம்
கடற்படுகை – கடலின் அடித்தளம்
பெரிஸ்கோப் – நீருக்கடியிலிருந்து நீரின் மேற்புறத்தைக் காண உதவும் குழாய்க் கருவி
இலக்கு – குறிபார்த்துத் தாக்கப்படும் பொருள்

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மணற்பரப்பில் நடப்பவருக்கு முன்னால் வரும் அலையைவிடப் பின்னால் நிரம்பும் நீரே ஆபத்தானது என்று கூறப்படுவதற்கான காரணத்தை விளக்குக.

2. எந்தப் போர்க்கப்பலையும் தாக்காத இக்கலங்களைக் காண்பதால் நாம் அறிந்துகொள்வன யாவை?

3. தக்காவோவின் அடியில் எக்ஸ்இ-3 சிக்கிக்கொண்டதற்குக் கடலின் ஓதம் எவ்வாறு காரணமாக அமைந்தது?

4. அபர்லேடியின் கலங்களை அங்கேயே விட்டுவிட வேண்டுமா, அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டுமா? இரு தரப்புக் காரணங்களையும் எடுத்துக்கூறி, உம் கருத்தை நிறுவுக.

5. உம் குடும்பத்தில் அல்லது அக்கம்பக்கத்தில் உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் வாழ்ந்த பழைய வட்டாரத்தைப் பற்றிக் கேட்டறிக. அவர் கூறியவற்றை 150 சொற்களில் எழுதி வகுப்பில் பகிர்ந்துகொள்க.